மலைநாட்டு வீதிகள் – 7: கண்டியின் பின்வாசல்

சென்ற வாரம் கடுகண்ணாவையில் ஏறிக் கண்டிக்குள் வந்தோம். அது வெள்ளைக்காரன் மலையைக் குடைந்து திறந்த முன்வாசல். இந்த வாரம் கிழக்கே இறங்கும் ஏ26: கண்டி – மஹியங்கனை – பதியத்தலாவை. கண்டி அரசின் கதையில் பாதி இந்தப் பக்கமாகத்தான் நடந்தது என்பேன்.

1602இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பெர்கன், மஹியங்கனையைத் தொட்டுத்தான் மன்னன் விமலதர்மசூரியனைக் காணக் கண்டிக்கு ஏறினார். அப்போது வீதி ஏது? அரசர்கள் வேண்டுமென்றே பாதைகளைக் குறுகலாக விட்டு, கணவாய்களில் முள்ளுப் படலை கட்டிக் காவல் வைத்திருந்தார்கள். படையெடுத்து வருபவன் பீரங்கியை இழுத்து ஏற வழியிருக்கக் கூடாதல்லவா?

தென்னகும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்தால் குண்டசாலை. கடைசிச் சிங்கள மன்னன் நரேந்திரசிங்கன் அரண்மனை கட்டி வாழ்ந்த இடம். 1739இல் அவன் இறந்தபின் அரியணை மதுரை நாயக்கர் வழிக்குப் போனது. அந்த வழியில் கடைசியாக வந்த கண்ணுசாமி என்ற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இந்தத் திசையில்தான் ஓடினான். 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தபோது அரண்மனை வெறுமையாகக் கிடந்தது. அரசன் தும்பறை மலைகளில் ஒளிந்திருந்தான். 18ஆம் திகதி, மெதமகாநுவரவுக்கு அருகில், அவனுக்கு எதிராகத் திரும்பிய முன்னாள் அமைச்சன் எஹெலப்பொலையின் ஆட்கள் அவனைப் பிடித்துக் கட்டினார்கள். பிடித்தது சொந்தக் குடிகள். வெள்ளைக்காரனுக்கு வாங்கிக்கொள்ளும் வேலை மட்டும்தான். நாடுகடத்தப்பட்ட அரசன் வேலூர்க் கோட்டையில் 1832இல் இறந்தான்.

குண்டசாலைக்கும் மெதமகாநுவரவுக்கும் நடுவில் தெல்தெனிய இருக்கிறது. நாம் இன்று காண்பது புது ஊர். 1985இல் திறந்த விக்டோரியா அணை (122 மீற்றர் உயரம், 210 மெகாவாட்) பழைய ஊரைத் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டது. பிரித்தானியப் பணம் நிறையக் கலந்த திட்டம். திறப்பு விழாவுக்கு மார்கரெட் தாட்சரே வந்தார். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்கள் தலைகாட்டும், பார்க்க ஊர்ச்சனம் திரளும். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்து, நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் வந்ததும் இந்த வீதியின் வரலாறுதான். அதை விட்டுவிட்டு வளைவுகளை மட்டும் வர்ணிக்க எனக்கு மனமில்லை.

வளைவுகளுக்கு வருவோம். ஹுன்னஸ்கிரியவில் மீமுரைக்கு ஒரு கிளை பிரியும். உடுதும்பறை தாண்டியதும் மலை சட்டென முடிந்து, கீழே மஹியங்கனைச் சமவெளி விரியும். ‘பதினெட்டு வளைவு’ என்பது இந்த இறக்கம்தான். அகலப்படுத்தியபோது ஒன்று குறைந்து பதினேழாகிவிட்டது. சனம் இன்னும் பதினெட்டென்றே சொல்கிறது. மட்டக்களப்பு பஸ்ஸில் வருபவர்கள் முதல் வளைவுக்கு முன்பே கையில் சொப்பிங் பையைத் தயாராக வைத்திருப்பார்கள். ஜன்னலோர இருக்கைக்கு நடக்கும் சண்டை காட்சிக்காக அல்ல!

ஹசலக்கையில் காற்றே மாறிவிடும். குளிர் போய், வயலும் வாய்க்காலும் புழுக்கமும். மஹியங்கனையில் மறுபடியும் மகாவலியைக் கடக்கிறோம். அதற்கப்பால் வேடர்கள் வாழும் தம்பானைக்குத் திரும்பும் வழி. பதியத்தலாவையில் ஏ26 முடிந்து ஏ5இல் சேர்கிறது. மட்டக்களப்பு பஸ் அதைப் பிடித்து மகா ஓயா, செங்கலடி என்று கிழக்கே போகும். அந்த ஏ5ஐ அடுத்த வாரம் மறுமுனையான பேராதனையிலிருந்து தொடங்குவோம்.