வண்டியில் எழுதிய எண் யார் கையில் ஒலிக்கிறது?

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் என் மாமா, கண்புரை ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று காலை ஆபீஸ் போனை எடுத்து, வருகிற அழைப்பெல்லாம் தன் மாப்பிள்ளையின் போனுக்குப் போகும்படி மாற்றி வைத்தார். "டைவர்ட் போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று போனை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை.

அது மார்ச் மாதம். தண்ணீர் கீழே போய், தோட்டத்துக்காரர்கள் புது போர் போட ஆள் தேடும் மாதம். அந்த மாதத்தில் போர்வெல் ஆபீஸ் போன் ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடந்தால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோல ஒரு கலக்கம் வரும். மாமா தொழில் படுத்துவிட்டது என்றே நினைத்தார். அடுத்த நாள் மாலை வழக்கமான ஏஜென்ட் ஒருவர் நேரில் வந்தார். "ஏனுங்க, போன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போச்சுங்க. பார்ட்டி அவசரப்படுத்துனாங்க, வேற வண்டிக்குச் சொல்லிட்டேனுங்க" என்றார்.

மாமா திரும்பி வந்ததும் டைவர்ட்டை எடுத்திருப்பார் என்று நினைத்த மாப்பிள்ளை, குடும்பத்தோடு திருமலைக்குப் போய்விட்டார். கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்த போனுக்குத்தான் திருச்செங்கோட்டின் அழைப்புகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. 'எல்லா அழைப்புகளும்' என்று டைவர்ட் போட்டால் பல போன்களில் திரையின் மேல் ஓரத்தில் அம்புக்குறியோடு ஒரு சின்ன போன் படம் தெரியும். ஆபரேஷன் முடிந்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

எத்தனை நடை போயிற்று என்று மாமா கணக்குப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாக விசாரிக்கத் தொடங்கினேன்.

திருச்செங்கோட்டு வண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரிக் வண்டியின் பக்கவாட்டில், ஓனர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போன் எண் எழுதியிருக்கும். கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று இந்த ஊர் வண்டிகள் போகாத மாநிலம் குறைவு. எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு விவசாயி அந்த எண்ணைப் பார்த்துச் சுவரில் கரியால் எழுதி வைப்பார். மூன்று வருடம் கழித்து அழைப்பார். பில் புத்தகம், காலண்டர், கடை போர்டு என்று ஒரு எண் பரவிவிட்டால் அதை மாற்றுவது முடியாத காரியம். எண்ணை மாற்ற முடியாது. ஆனால் அது எந்தப் போனில் ஒலிக்க வேண்டும் என்பதை மாற்றலாம். அந்த வசதியைத் தொழில் செய்கிற நம்மில் பெரும்பாலோர் அரைகுறையாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டைவர்ட் என்பது நம் கையில் இருக்கும் போனுக்குள் நடப்பதல்ல. நாம் போனில் பொத்தானை அழுத்துகிறோம். உத்தரவு நெட்வொர்க் கம்பெனியின் கணினிக்குப் போய் அங்கே நம் எண்ணுக்கு எதிரே பதிவாகிறது. அதற்குப் பிறகு போன் கிணற்றில் விழுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் அந்தப் பதிவு வேலை செய்துகொண்டே இருக்கும். இதுவே இதன் பலம். மாமாவுக்கு நேர்ந்ததுபோல, மறந்தவரைத் தண்டிப்பதும் இதுவே. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் டைவர்ட் போகாது. போன் தொலைந்த பிறகு டைவர்ட் போடலாம் என்று உட்கார்ந்தால், போடுவதற்குக் கையில் அந்த சிம் இருக்காது; கஸ்டமர் கேரில் கெஞ்ச வேண்டும், அல்லது டூப்ளிகேட் சிம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

டைவர்ட்டில் நான்கு வகை உண்டு. நம் மணி அடிக்காமலே எல்லா அழைப்பையும் அனுப்பிவிடுவது ஒன்று. மற்ற மூன்றும் நிபந்தனையோடு நடப்பவை: நாம் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தால், நாம் எடுக்காவிட்டால், போன் அணைந்தோ சிக்னல் இல்லாமலோ இருந்தால். பெரும்பாலானவர்கள் முதல் வகையை மட்டும் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு தொழில் எண்ணுக்கு அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். மற்ற மூன்றையும் நிரந்தரமாகப் போட்டு வைத்துவிடலாம். ஓனர் போன் முதலில் அடிக்கும். அவர் எடுக்காவிட்டால் மட்டும் அடுத்தவர் போனுக்குப் போகும். மாமா அன்று இப்படிச் செய்து, டிராயரில் வைத்த போனை அணைத்திருந்தால் போதும். திரும்பி வந்து ஆன் செய்ததும் மணி தானாக அவர் கைக்கே வந்திருக்கும். நினைவில் வைத்து எடுக்க வேண்டிய ஒன்றும் இருந்திருக்காது.

'எடுக்காவிட்டால்' என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. எத்தனை நொடி அடித்த பிறகு எடுக்கவில்லை என்று கொள்வது? ஜிஎஸ்எம் விதிப்படி இதை 5 நொடியிலிருந்து 30 நொடி வரை, ஐந்து ஐந்தாகக் கூட்டி வைக்கலாம். நம் நாட்டில் மணி எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டையாக இருந்தது. கம்பெனிகள் அப்போது ஒன்றுக்கொன்று தரவேண்டியிருந்த இணைப்புக் கட்டணத்தை மனதில் வைத்து மணி அடிக்கும் நேரத்தைக் குறைக்க, 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு மொபைலுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி என்று நிர்ணயித்தது. ஆக, டைவர்ட்டுக்கும் 30 நொடி என்று வைத்தால், மணி ஓய்வதும் அழைப்பு மாறுவதும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதற்குள் வாடிக்கையாளரும் வைத்துவிடுவார். 15 அல்லது 20 நொடி சரியாக இருக்கும். கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுக்க அது போதும். சில போன்களிலேயே இந்த நேரத்தை மாற்ற இடம் இருக்கும். இல்லாவிட்டால் கஸ்டமர் கேரில் கேட்டுப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனில், அழைப்புச் செயலியின் மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸுக்குள் போனால் கால் ஃபார்வர்டிங் கிடைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறொரு பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். வீடியோ கால், வாய்ஸ் கால் என்று இரண்டு பிரிவு காட்டினால் வாய்ஸ் காலைத் தேர்ந்தெடுங்கள். 4ஜி போன்கள் பலவற்றில் டேட்டா ஆன் ஆகியிருந்தால்தான் இந்தப் பக்கமே திறக்கும். 'பிழை' என்று காட்டினால் முதலில் அதைப் பாருங்கள். பல ஐபோன்களில் செட்டிங்ஸ் வழியாக 'எல்லா அழைப்பும்' என்ற வகை மட்டும்தான் உண்டு.

இரண்டு சிம் போட்ட போன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்கு ஒரு சிம், வீட்டுக்கு ஒரு சிம் என்று ஒரே போனில் வைத்திருப்பார்கள். பல போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சிம் உறங்கிவிடும். வீட்டு எண்ணில் பத்து நிமிடம் பேசினால், அந்தப் பத்து நிமிடமும் கடை எண்ணுக்கு அழைத்தவருக்குத் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று பதில் போகும். கடையிலேயே உட்கார்ந்திருக்கும் மனிதர், ஊரில் இல்லாதவராகிவிடுகிறார். கடை சிம்மின் 'தொடர்பு கிடைக்காவிட்டால்' டைவர்ட்டை வீட்டு சிம் எண்ணுக்கே போட்டு, அந்த சிம்மில் கால் வெயிட்டிங்கை ஆன் செய்துவிட்டால், பேச்சுக்கு நடுவே இரண்டாவது அழைப்பு காதில் விழும். இந்த ஒரு மாற்றத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

டைவர்ட்டில் குறுஞ்செய்தி போகாது. வாட்ஸப் அழைப்பும் போகாது. அது இன்டர்நெட் வழியாக வருவது. வங்கி ஓடிபி பழைய போனுக்கே வரும். திருப்பி அனுப்பப்படும் பகுதி நம் கணக்கில் வெளியே போகும் அழைப்பாகத்தான் சேரும், அதனால் ரீசார்ஜ் முடிந்துவிட்டால் டைவர்ட்டும் நின்றுபோகும். வெளிநாடு போகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன், இங்கேயே, 'எல்லா அழைப்பும்' வகையைப் போட்டுவிட வேண்டும். அங்கே போன பிறகு 'எடுக்காவிட்டால்' என்று வைத்தால், ஒவ்வொரு அழைப்பும் இங்கிருந்து அந்த நாட்டுக்குப் போய், நாம் எடுக்காமல், மறுபடி இங்கே திரும்பி வரும். போனதற்கும் வந்ததற்கும் கட்டணம் நம் தலையில்.

இனி, யார் போனுக்கு அனுப்புவது என்ற கேள்வி. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலை செய்யும் பையனின் சொந்த எண்ணுக்கு டைவர்ட் போடுவதே நம் ஊர் வழக்கம். ஆறு மாதத்தில் அத்தனை வாடிக்கையாளர்களும் அவன் போனில் பெயரோடு பதிவாகிவிடுவார்கள். நாளை அவன் வேலையை விட்டுப் போனால் அந்தப் பட்டியலும் அவனோடு போகும். அவன் நல்லவனா கெட்டவனா என்பதல்ல கேள்வி. அவன் சொந்த நேரத்தில், இரவு பத்து மணிக்கும் கடை அழைப்பு அவன் வீட்டில் ஒலிப்பதும் நியாயமில்லை. கடைக்கென்று ஒரு சாதாரண போன், கடை பெயரில் இரண்டாவது சிம் வாங்கி, அதற்கு டைவர்ட் போடுங்கள். வேலை முடிந்ததும் போன் கடையிலேயே இருக்கட்டும். நிறுவனத்தின் பெயரில் சிம் வாங்கினால், 2023இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி அதைப் பயன்படுத்துபவரின் அடையாளமும் பதிவாக வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனாலும் செய்துவிடுங்கள்.

அழைப்பு நடுவழியில் திசைமாறினால் தொழில் எப்படித் திசைமாறும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கதை உண்டு. கான்சஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் சவ அடக்கம் நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தார். அன்று யாரை அழைப்பதானாலும் எக்ஸ்சேஞ்சில் உள்ள ஆபரேட்டரிடம் கேட்டுத்தான் இணைப்பு வாங்க வேண்டும். போட்டியாளரின் மனைவி ஆபரேட்டராக இருந்து, தனக்கு வர வேண்டிய அழைப்புகளைத் தன் கணவர் பக்கம் திருப்பிவிட்டார் என்று ஸ்ட்ரோஜர் நம்பியதாகச் சொல்வார்கள். அந்த ஆத்திரத்தில், நடுவில் ஆளே இல்லாமல் தானாக இணைப்புக் கொடுக்கும் கருவியை உருவாக்கி 1891இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அந்த வகை எக்ஸ்சேஞ்ச் வேலை செய்யத் தொடங்கியது. உலகமெங்கும் ஆபரேட்டர் இல்லாத தொலைபேசி பரவ அதுவே தொடக்கம்.

அன்று ஆபரேட்டர் செய்ததாகச் சொல்லப்பட்டதை, இன்று மோசடிக்காரர்கள் நம் கையாலேயே செய்ய வைக்கிறார்கள். "நெட்வொர்க் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் சிம்மில் கோளாறு" என்பார்கள். அல்லது "கூரியர் வந்திருக்கிறது, டெலிவரி பையனின் எண்ணுக்கு இப்படி அடியுங்கள்" என்பார்கள். அடிக்கச் சொல்வது *401* அல்லது **21* என்று தொடங்கும், அதன் பின்னால் பத்து இலக்கம் இருக்கும். அந்தப் பத்து இலக்கம் அவர்களுடைய போன் எண். அழைப்புப் பொத்தானை அழுத்திய நொடியில் நம் எண்ணுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்கள் கைக்குப் போகும். உடனே அவர்கள் நம் எண்ணைக் கொடுத்து வாட்ஸப்பைத் தங்கள் போனில் திறப்பார்கள். சரிபார்க்கும் எண்ணைக் குறுஞ்செய்திக்குப் பதில் அழைப்பு மூலம் சொல்லச் சொல்வார்கள். அந்த அழைப்பு நேராக அவர்களுக்கே போகும். பிறகு நம் பெயரில், நம் வாடிக்கையாளர்களிடம், "அவசரம், ஐம்பதாயிரம் அனுப்புங்க" என்று செய்தி போகும். பல வருடப் பழக்கத்தில் நம் பேச்சை நம்புகிறவர்கள் அனுப்பியும் விடுவார்கள். கடைக்காரருக்குப் பணத்தைவிடப் பெரிய இழப்பு இதுதான்.

இந்த மோசடி பரவியதால்தான் மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024 மார்ச் 28 அன்று உத்தரவு போட்டு, இப்படி நட்சத்திரம், ஹேஷ் போட்டு அடிக்கும் யுஎஸ்எஸ்டி குறியீடுகள் வழியாக டைவர்ட் போடும் வசதியை ஏப்ரல் 15 முதல், மறு உத்தரவு வரும்வரை நிறுத்தச் சொன்னது. உத்தரவு வந்துவிட்டது என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். யார் சொன்னாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், நட்சத்திரத்திலோ ஹேஷிலோ தொடங்கும் எதையும் அவர்கள் சொல்லச் சொல்ல அடிக்காதீர்கள். கடையில் போன் எடுக்கும் ஒவ்வொருவருக்கும், பெரியவரானாலும் சின்னப் பையனானாலும், இதை வாயால் சொல்லி வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் *#21# என்று அடித்துப் பாருங்கள். எல்லா அழைப்பும் எங்காவது திருப்பப்பட்டிருக்கிறதா என்று பெரும்பாலான நெட்வொர்க்குகளில் திரையில் காட்டும். ##002# எல்லா வகை டைவர்ட்டையும் ஒரேயடியாக நீக்கும். நாமே போட்டுவைத்த நல்ல டைவர்ட்டும் அதில் போய்விடும், பிறகு மறுபடி போட வேண்டும். ஏமாந்துவிட்டது தெரிந்தால் கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள்.

மாமா இப்போது ஆபீஸ் பெயரில் இரண்டாவது சிம் வாங்கியிருக்கிறார். அது அத்தையிடம் இருக்கிறது. வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை அடி ஓடியது என்பது அத்தைக்கு மாமாவைவிட நன்றாகத் தெரியும்.

இன்று கடையைப் பூட்டுவதற்கு முன், வேறொரு போனிலிருந்து உங்கள் கடை எண்ணுக்கு மூன்று முறை அழைத்துப் பாருங்கள்: ஒருமுறை எடுக்காமல், ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருமுறை போனை அணைத்துவிட்டு. மணி யார் கையில் அடிக்கிறது என்று கேளுங்கள்.