ஜிம்மை விட்டா ஏத்தின உடம்பு இறங்கிடுமா?

இந்த வாரம் உங்கள்ல பல பேர் வேற வேற மாதிரி கேட்ட ஒரே கேள்வியை எடுத்துக்குவோம். ஜிம் மெம்பர்ஷிப் முடியப்போகுது, இந்தத் தடவை ரினியூ பண்ணாம வீட்டுலயே பண்ணலாம்னு இருக்கேன், ஆனா ஒரு வருஷமா கஷ்டப்பட்டு ஏத்தின உடம்பு ரெண்டு மாசத்துல இறங்கிடுமோன்னு பயமா இருக்கு. இதான் கேள்வி.

இறங்கணும்னு அவசியம் இல்ல. ஆனா நிறைய பேர் வீட்டுல பண்ற மாதிரி பண்ணா, முதுகு மட்டும் நிச்சயம் இறங்கும். ஏன்னு வரிசையா பார்ப்போம்.

காசு விஷயத்தை முதல்ல சட்டுனு முடிச்சிடலாம். 2006-ல ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், ஜிம்முக்குப் போகாம இருக்கறதுக்குக் காசு கட்டுறாங்கன்னு அர்த்தம் வர்ற தலைப்புல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. அமெரிக்காவுல மூணு ஜிம்களோட வருகைக் கணக்கைப் பார்த்தா, மாசம் 70 டாலருக்கு மேல கட்டினவங்க சராசரியா 4.3 தடவைதான் வந்திருக்காங்க. அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல. பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா தடவைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். நீங்களும் போன மூணு மாசம் எத்தனை நாள் போனீங்கன்னு எண்ணி, கட்டின தொகையை அதால வகுத்துப் பாருங்க. அந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பு வந்தா, மிச்ச எபிசோட் உங்களுக்குத்தான்.

இப்போ உடம்புக்கு வருவோம். தசைக்கு இரும்பு எது, தண்ணி கேன் எதுன்னு தெரியாது. எவ்வளவு பாரம் விழுது, எவ்வளவு களைச்சுப் போகுது, இது ரெண்டுதான் தெரியும். கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு பண்ணாங்க, 2012-ல வந்தது. இளைஞர்கள் 10 வாரம் கால் பயிற்சி செஞ்சாங்க. ஒரே ஒரு தடவை தூக்க முடியுற அதிகபட்ச எடையில 80 சதவீதம் வச்சு மூணு செட் ஒரு பக்கம், வெறும் 30 சதவீதம் வச்சு மூணு செட் இன்னொரு பக்கம். ரெண்டுலயும் இதுக்கு மேல முடியாதுங்கிற வரைக்கும் செய்யணும். தசை வளர்ச்சி கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சு. அதிகபட்ச எடை தூக்குற பலம் மட்டும் கனமான எடை தூக்கினவங்களுக்குத்தான் கூடுதலா ஏறுச்சு.

இதுல 'முடியாதுங்கிற வரைக்கும்'னு சொன்னேன் பாருங்க, வீட்டுல கோட்டை விடுறது அங்கதான். 20 ஒரு முழு எண்ணுங்கிறதுக்காக 20 புஷ்-அப் அடிச்சிட்டு எந்திரிச்சிடுறோம். ஜிம்ல அடுத்த வாரம் இன்னொரு தட்டு மாட்டுவோம் இல்லையா, வீட்டுல அந்தத் தட்டு கண்ணுக்குத் தெரியறதில்ல. ஆனா இருக்கு.

புஷ்-அப்பையே எடுத்துக்கங்க. சாதாரண புஷ்-அப்ல உங்க எடையில ஏறக்குறைய 64 சதவீதம் கை மேல வருதுன்னு அளந்து பார்த்திருக்காங்க. 70 கிலோ ஆளுக்கு அது 45 கிலோ. முட்டி போட்டுச் செஞ்சா 49 சதவீதம், சுமார் 34 கிலோ. கையை 60 சென்டிமீட்டர் உயரத்துல வச்சா 41 சதவீதமா குறையும். காலை அதே உயரத்துல ஏத்தி வச்சா 74 சதவீதம், 52 கிலோகிட்ட வந்துடும். ஒரு நாற்காலியும் ஒரு தரையும் இருந்தா கிட்டத்தட்ட 29 கிலோவுல இருந்து 52 கிலோ வரைக்கும் ஏறுற மெஷின் உங்ககிட்ட இருக்குன்னு அர்த்தம். அதுவும் போதலைன்னா முதுகுல ஒரு பேக், அதுக்குள்ள ரெண்டு 5 கிலோ ஆட்டா பாக்கெட். நம்ம ஊர்ல தண்டால், பஸ்கின்னு இதைத்தான் காலங்காலமா பண்ணிட்டிருந்தாங்க. எண்ணிக்கையை ஏத்துறது அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

காலுக்கு வெறும் பஸ்கி சீக்கிரம் லேசாயிடும். 20 லிட்டர் தண்ணி கேனை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உட்கார்ந்து எந்திரிங்க, தண்ணி மட்டுமே 20 கிலோ. அதுக்கு மேல வேணும்னா அரிசி மூட்டை. (25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததுக்கு அப்புறம் கடைகள்ல 26 கிலோ மூட்டை சகஜமாயிடுச்சு. நமக்கு ஒரு கிலோ லாபம்.) இன்னும் கடினமா வேணும்னா பின்னங்காலை சோபா மேல வச்சு, ஒத்தைக் கால்ல இறங்கி ஏறுங்க. எடையே தேவைப்படாது.

பெரிய ஓட்டை எங்க இருக்குன்னா, தள்ளுறதுக்குத் தரை இருக்கு, இழுக்கறதுக்கு வீட்டுல என்ன இருக்கு? ஜிம்ல லேட் புல்டவுன், கேபிள் ரோன்னு முதுகுக்கு ரெண்டு மூணு மெஷின் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் புஷ்-அப், ஸ்குவாட், பிளாங்க்னு மூணோட நின்னுடுறோம். மூணுலயும் முதுகோட இழுக்குற தசைக்குப் பெருசா வேலை இல்ல. மிச்ச நேரம் லேப்டாப் முன்னாடி முன்பக்கமா குனிஞ்சு வேற உட்கார்றோம். அதனால வீட்டுப் பயிற்சிக்குன்னு ஒரே ஒரு பொருள் வாங்கறதா இருந்தா, டம்பெல்லுக்கு முன்னாடி இழுக்கறதுக்கு ஏதாவது வாங்குங்கன்னுதான் சொல்லுவேன்.

காசே செலவில்லாத வழி: ஒரு கையைக் கட்டில்ல ஊனி, முதுகை நேரா வச்சுக் குனிஞ்சு, இன்னொரு கையால கனமான பேக்கை இடுப்பு வரைக்கும் இழுக்கறது. அடுத்தது ரப்பர் பேண்ட். மூணாவது புல்-அப் பார். கதவு நிலைக்கு நடுவுல திருகி இறுக்குற பார், வெறும் உராய்வுல நிக்குது. பழைய மர நிலைன்னா எனக்கு அதுல நம்பிக்கை கம்மி. சுவத்துல போல்ட் அடிச்சு மாட்டுறது உறுதி, ஆனா வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேட்டுக்கங்க. துணி காயப்போடுற கம்பியில தயவுசெஞ்சு தொங்காதீங்க. பக்கத்து மாநகராட்சிப் பூங்காவுல ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க, சிலதுல தொங்கறதுக்குக் கம்பி இருக்கும்.

இன்னொரு நல்ல செய்தி. ஏத்தறதை விடத் தக்க வைக்கறது ரொம்ப சுலபம். அலபாமா பல்கலைக்கழகத்தோட பர்மிங்ஹாம் கேம்பஸ்ல பண்ண ஒரு ஆய்வு 2011-ல வந்துச்சு. 16 வாரம் வாரத்துக்கு மூணு நாள் பயிற்சி செஞ்சவங்க, அப்புறம் 32 வாரத்துக்கு அளவைக் குறைச்சாங்க. ஒன்பதுல ஒரு பங்கா குறைச்ச இளவயசுக்காரங்களுக்குக்கூட தசை அளவு இறங்கல. 60 வயசைத் தாண்டினவங்களுக்கு அது போதல. அதனால ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, ஊர்ல கல்யாணம் இருக்குன்னு ஒரு வாரம் ஒரே நாள்தான் செஞ்சீங்கன்னா குடி முழுகிப் போயிடாது. அந்த ஒரு நாளைக் கஷ்டமா செய்யுங்க, அவ்வளவுதான்.

உலக சுகாதார அமைப்பு சொல்றதும் வாரத்துல ரெண்டு நாளாவது தசைப் பயிற்சி, கூடவே 150 நிமிஷம் வேக நடை மாதிரி ஏதாவது. ஜிம்முக்குப் போய்வர்ற நேரத்தை நடைக்குக் கொடுத்தா கணக்கு சரியாப் போகும். வீட்டுக்குள்ள குதிக்கற பயிற்சி வேண்டாம், கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துடுவாங்க, மாடிப்படி ஏறுங்க. டைல்ஸ் தரையில வியர்வை சொட்டினா வழுக்கும், கீழ ஒரு மேட் போட்டுக்கங்க. கையில எடையோட மேல தூக்கறதுக்கு முன்னாடி ஃபேன் எங்க இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.

எல்லாரும் ஜிம்மை விடணும்னு சொல்ல வரல. 100 கிலோ டெட்லிஃப்ட்தான் இலக்குன்னா தண்ணி கேன் உதவாது. பிஜியில ரூம்ல மூணு பேர் இருந்தா படுக்கவே இடம் இருக்காது. அடிபட்டு டிரெய்னர் மேற்பார்வையில செய்யறவங்களும் அங்கயே தொடருங்க. அங்க வர்ற நாலு நண்பர்களுக்காகத்தான் போறேன்னா, அதுவும் நியாயமான காரணம்தான்.

விடுறதுன்னு முடிவு பண்ணிட்டா, கடைசி வாரத்துல ஒரு வேலை பண்ணுங்க. புல்டவுன், ரோ, லெக் பிரஸ், செஸ்ட் பிரஸ் நாலுலயும் பத்து தடவை செய்ய முடியுற எடையைப் போன்ல குறிச்சு வச்சுக்கங்க. எட்டு வாரம் வீட்டுல செஞ்சிட்டு, ஒரு நாள் பாஸ் வாங்கி அதே நாலையும் திரும்பச் செய்யுங்க. மெஷின் பழக்கம் விட்டுப்போன அளவுக்குக் கொஞ்சம் குறையலாம், அதை விட்டுடுங்க. புல்டவுன் மட்டும் தனியா நல்லா இறங்கியிருந்தா, உங்க பேக்ல ஆட்டா பத்தலைன்னு அர்த்தம்.