சாலையடி மண்ணை அளக்கும் ஒளியிழை

சாலையின் ஆயுளைத் தீர்மானிப்பதில் மேலே போட்ட தாருக்கு இணையான பங்கு அடியில் உள்ள மண்ணின் விறைப்புக்கு உண்டு. சுமை ஏறும்போது மண் எவ்வளவு குறைவாக அமுங்குகிறதோ அவ்வளவு அது விறைப்பானது. மழைநீரோ குழாய்க் கசிவோ புகுந்தால் விறைப்பு தளரும். விரிசலும் பள்ளமும் அதன் பிறகே வெளியே தெரியும். துளையிட்டு மண் எடுத்துச் சோதித்தால் அந்த ஓரிடத்தின் அன்றைய நிலை மட்டுமே கிடைக்கும். சாலையோரம் புதைத்த ஒளியிழை வடமோ தன் நீளம் முழுவதும் தொடர்ந்து அளக்கக்கூடியது.

வடத்தின் ஒரு முனையிலிருந்து லேசர் துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. கண்ணாடி இழையில் இயல்பாகவே உள்ள நுண்ணிய சீரின்மைகள் அந்த ஒளியில் சிறு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. இது ராலே சிதறல். இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 10 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். திரும்பும் நேரத்தைக் கொண்டு இடம் அறியப்படுகிறது. நிலம் அதிர்ந்து இழை நானோமீட்டர் கணக்கில் நீண்டு சுருங்கினாலும் சிதறிவரும் ஒளியின் கட்டம், அதாவது அலைச் சுழற்சியில் அது இருக்கும் நிலை, மாறுகிறது. அந்த மாற்றமே அதிர்வின் பதிவு.

அதிர்வைத் தருபவை சாலையில் ஓடும் லாரிகளும் பேருந்துகளுமே. அவை எழுப்பும் மேற்பரப்பு அலைகளில் குறுகியவை மேல்மண்ணிலும் நீண்டவை ஆழத்திலும் ஊடுருவுகின்றன. வடத்தின் இரண்டு இடங்களில் பதிவானவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் அலையின் வேகம் கணிக்கப்படுகிறது. அதிலிருந்து, தான் செல்லும் திசைக்குக் குறுக்கே மண்ணை அசைக்கும் குறுக்கலையின் வேகம் ஆழவாரியாகக் கிடைக்கிறது. இந்த வேகத்தின் வர்க்கத்தை மண்ணின் அடர்த்தியால் பெருக்கினால் விறைப்புக் குணகம் வரும். கன மீட்டருக்கு 1,800 கிலோகிராம் எடையுள்ள மண்ணில் வேகம் விநாடிக்கு 200 மீட்டர் என்றால் குணகம் 72 மெகாபாஸ்கல். வேகம் 100 மீட்டராகக் குறைந்தால் வெறும் 18. வேகம் பாதியானால் விறைப்பு கால் பங்காகிவிடும் என்பதால், சிறு வேகக் குறைவும் கவனிக்கத்தக்கது.

கலிபோர்னியாவின் ரிச்மண்டில் புதைத்த இழையில் பதிவான போக்குவரத்து அதிர்விலிருந்து மேல்மண்ணின் குறுக்கலை வேகத்தைக் கணித்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2016 முதல், தொலைத்தொடர்புக் குழாய்களில் கிடக்கும் சுமார் 2.5 கிலோமீட்டர் இழையே நில அதிர்வைப் பதிவுசெய்தது. எனவே ஏற்கெனவே புதைந்துள்ள, பயன்பாடற்ற இழைகளையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

முறைக்கு வரம்புகளும் உண்டு. இழை தன் நீளவாக்கில் நேரும் நீட்சியையே நன்கு உணரும். குழாய்க்குள் தளர்ந்து கிடந்தால் மண்ணின் அசைவு முழுமையாக எட்டாது. பதிவின் எந்தப் பகுதி சாலையின் எந்த இடம் என்று அறிய, தரையைச் சுத்தியலால் தட்டிச் சரிபார்க்க வேண்டும். மேலும், அலைகள் காட்டுவது மிகச் சிறு உருமாற்றத்தின்போது உள்ள விறைப்பை. கனரகச் சுமையின் கீழ் மண்ணின் விறைப்பு அதைவிடக் குறைவு. சாலை வடிவமைப்புக்குச் சுமைச் சோதனைகளும் தேவை. எங்கே, எப்போது அந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும் என்பதை இழை முன்கூட்டியே காட்டித்தரும்.