கம்ப்ரெஸருக்கு இடும் எண்ணெய்

நமது சங்கப் பட்டறைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் இரண்டு அல்லது மூன்று குதிரைசக்தி கொண்ட சிறு காற்றழுத்த இயந்திரம் ஒன்றேனும் இல்லாத இடம் அரிது. கம்ப்ரெஸர் என்ற பெயராலேயே அங்கத்தினர்கள் அதனை அறிவர். தறியிலும் மோட்டாரிலும் படியும் பஞ்சுத் தூசியை ஊதி அகற்றவும், டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கவும், ரேடியேட்டரின் இடுக்குகளில் அடைந்த வைக்கோல் துகளைப் போக்கவும், பண்ணைக் கருவிகளுக்கு வர்ணம் தெளிக்கவும் அது உதவுகின்றது. வண்டியின் அச்சுக்கு மசகு இடாமல் நம் முன்னோர் மாடு பூட்டியதில்லை. தறிக்கு எண்ணெய் இட மறப்பவரும் நம்மிடையே இல்லை. ஆனால் மூலையில் நின்று இரையும் இந்த இயந்திரத்தின் வயிற்றில் எண்ணெய் இருக்கின்றதா என்று குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

நான் மேற்பார்வை செய்த ஒரு பட்டறையில் இதன் பலனை அனுபவித்தோம். அங்கிருந்த கம்ப்ரெஸர் நெசவுக் கூடத்திற்கும் டிராக்டர்ப் பட்டறைக்கும் பொதுவானது. பொதுவானது என்பதாலேயே, எண்ணெயைப் பார்ப்பது மற்றவர் வேலை என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். ஒரு சமயம் வெள்ளை வேட்டிகளில் ஊசிமுனை அளவில் மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. துணி மடிப்பவருடைய கை அழுக்கு என்று முடிவு செய்து, அவரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். உண்மையில், தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய் காற்றோடு வெளியேறி, ஊதுகுழல் வழியே துணியின் மேல் தெறித்துக்கொண்டிருந்தது. வெளியேறிய அளவிற்கு உள்ளே எண்ணெய் குறைந்தது. இடையில் யாரோ டிராக்டருக்கு வாங்கியதில் மிஞ்சிய எண்ணெயைச் சிறிது ஊற்றினர். அதுவும் தீர்ந்தது. கோடையில் ஒரு பிற்பகல், கனெக்டிங் ராட் பேரிங்கோடு இறுகிப் பிடித்து இயந்திரம் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஹோஸ் குழாயை உதறியபோது தரையில் விழுந்த எண்ணெய்த் துளிகளைக் கண்ட பின்னரே, துணி மடிப்பவரிடம் சென்று என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நிற்க. எண்ணெய் அவ்வியந்திரத்தினுள் செய்யும் வேலையை முதலில் அறிதல் நலம். இத்தகைய சிறு கம்ப்ரெஸர்களில் பெரும்பாலும் எண்ணெயைச் செலுத்தத் தனிப் பம்பு கிடையாது. ஸிலிண்டருக்குக் கீழேயுள்ள கிராங்க் பெட்டியில் எண்ணெய் தேங்கி நிற்கும். கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி போன்ற சிறு நாக்கு ஒன்று உண்டு. தண்டு சுழலுந்தோறும் அந்த நாக்கு எண்ணெயில் மூழ்கி எழுந்து, அதனை நாற்புறமும் வாரி இறைக்கும். அத்துளிகளே பேரிங்குகளையும் ஸிலிண்டர்ச் சுவரையும் நனைக்கின்றன. மட்டம் தாழ்ந்தால் நாக்கு எண்ணெயைத் தொடாது. இயந்திரம் உலர்ந்து ஓடும். மட்டம் மிகுந்தாலோ அளவுக்கு மீறி இறைத்து, வளையங்களைக் கடந்து மேலேறும். ஆகவே நிறைய ஊற்றுவதும் கெடுதலே.

காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பதைச் சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர் அறிவர். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றை ஒரே வீச்சில் 7 பார் அழுத்தத்திற்குக் கொண்டுசென்றால், வெப்பம் வெளியேற வழியே இல்லையெனக் கணக்கிடும்போது அது 270 டிகிரிக்கு மேல் ஏறும். இரண்டு ஸிலிண்டர்களில் படிப்படியாக அழுத்தி, இடையே குளிர்விக்கும் இயந்திரத்தில் இதே கணக்கு 135 டிகிரி அளவில் நிற்கும். ஸிலிண்டரின் மேலுள்ள உலோக வரிகள் வெப்பத்தை வெளியேற்றுவதால் நடைமுறையில் அவ்வளவு ஏறுவதில்லை. எனினும் காற்று வெளியேறும் வால்வைச் சுற்றி, கொதிநீரைவிட மிகுந்த சூடு உண்டு. அங்குப் படியும் எண்ணெய் தீய்ந்து கரியாகின்றது. கரி படிந்த வால்வு சரிவர மூடாது. வெளியேறிய சூடான காற்று மீண்டும் உள்ளே வந்து மறுபடி அழுத்தப்பட்டு இன்னும் சூடேறும். இது முற்றினால் குழாயினுள் கரியே தீப்பற்றுவதுண்டு.

இதனாலேயே எண்ணெய் எதுவாயினும் சரி என்று இருக்கலாகாது. டிராக்டர், லாரி எஞ்சின்களுக்கான எண்ணெயில், புகைக்கரியையும் அழுக்கையும் அடியில் படியவிடாமல் மிதக்க வைக்கும் டிடர்ஜெண்ட் என்னும் மருந்துகள் சேர்க்கப்பட்டுள்ளன. எஞ்சினுக்கு அது நன்மை. அங்கே வடிகட்டி உண்டு. நமது சிறு கம்ப்ரெஸரிலோ வடிகட்டி இல்லை. அழுக்கும் நீரும் அடியில் படிந்து, எண்ணெய் மாற்றும்போது வெளியேறுவதே இங்கு வேண்டுவது. மேலும் அம்மருந்துகளில் உள்ள கால்சியம், மக்னீசியம் முதலிய உலோகச் சேர்க்கைகள் எரிந்தால் சாம்பலாகி வால்வில் படியும். சில இயந்திரங்களின் கையேட்டில் எஞ்சின் எண்ணெயும் அனுமதிக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் கையேட்டின் சொல்லே முடிவு. மற்றபடி, "எண்ணெயில் என்ன பேதம்?" என்று கேட்கும் அன்பர்களின் பேச்சைக் கேட்க வேண்டுவதில்லை.

கடையில் கேட்க வேண்டியது கம்ப்ரெஸர் எண்ணெய். டின்னின் மேல் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. என்ற எழுத்துக்களுடன் 68, 100, 150 என்ற எண்களில் ஒன்று காணப்படும். 40 டிகிரி வெப்பத்தில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக் என்பதே அவ்வெண். பத்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். எண் கூடினால் எண்ணெய் கெட்டி. பழைய மெக்கானிக்குகள் எஸ்.ஏ.இ. 30 என்று சொல்வது ஏறத்தாழ வி.ஜி. 100 ஆகும், எஸ்.ஏ.இ. 40 என்பது வி.ஜி. 150க்கு அருகில் நிற்பது. நமது சமவெளி மாவட்டங்களில் சிறு பிஸ்டன் கம்ப்ரெஸருக்குப் பெரும்பாலும் வி.ஜி. 100 பொருந்தும். தகரக் கூரையின் கீழ் கோடை முழுதும் ஓடுவதற்குக் கையேடு இடந்தந்தால் 150 இடலாம். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் 68 ஏற்றது. கெட்டியான எண்ணெயானால் விடியற்காலையில் மோட்டார் திணறும். டின்னில் டி.ஐ.என். 51506 வி.டி.எல். என்ற குறிப்பு இருந்தால், 220 டிகிரி வரை சூடேறும் காற்றுக்கும் தகுதியான எண்ணெய் என்று பொருள். செயற்கை எண்ணெய்களும் உள்ளன. அவை நீண்ட நாள் உழைக்கும். ஆனால் விலை அதிகம். அவற்றைப் பழைய எண்ணெயோடு கலக்கலாகாது.

எண்ணெயின் மற்றொரு பகை நீர். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அத்தகைய எட்டுக் கன மீட்டர் காற்று 7 பார் அழுத்தத்தில் ஒரு கன மீட்டராகச் சுருங்கி ஆறும்போது, 30 கிராம் அளவே அதனால் தாங்க முடியும். மீதி 160 கிராமுக்கு மேற்பட்டது தண்ணீராகிவிடும். தொட்டியின் அடியிலுள்ள குழாயை நாள்தோறும் திறந்து வடிக்க வேண்டுமென்பது இதனாலேதான். வடியும் நீரில் எண்ணெய் மிகுதியாகத் தென்பட்டால் வளையம் தேய்ந்தது அல்லது மட்டம் மீறியது என்று கொள்ளலாம். எங்கள் பட்டறையில் ஒரு நாளேனும் வடித்துப் பார்த்திருந்தால் ஒரு தொழிலாளி வீண்பழி ஏற்றிருக்கமாட்டார். வளையங்களின் வழியே கிராங்க் பெட்டிக்குள்ளும் சிறிது ஈரம் இறங்கும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிடும் இயந்திரம் சூடேறாமையால் அந்த ஈரம் ஆவியாகாது. எண்ணெய் மோர் போல் வெளுக்கும். வெளுத்த எண்ணெயை எந்தக் கணக்கும் பாராமல் மாற்றிவிட வேண்டும்.

புதிய இயந்திரமானால் முதல் 50 மணி நேர ஓட்டத்திலேயே எண்ணெயை மாற்றிவிடுதல் வழக்கம். புது உலோகத்தின் துகள்கள் அப்பொழுதே மிகுதியாக உதிர்கின்றன. பின்னர் சாதாரண எண்ணெய்க்கு 300 முதல் 500 மணி வரை என்பது பொதுவான அளவு. நாளொன்றுக்கு 4 மணி வீதம் மாதம் 25 நாள் ஓடினால் மூன்று மாதத்தில் 300 மணி ஆகிவிடும். குறைவாக ஓடினாலும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றுக. பஞ்சு பறக்கும் கூடத்தில் கீழெல்லையைக் கொள்வதே அறிவுடைமை. காற்றை உள்ளிழுக்கும் வடிகட்டியைப் பஞ்சு அடைத்தால் இயந்திரம் மூச்சுத் திணறிச் சூடேறும். உலோக வரிகளின் மேல் பஞ்சு போர்த்தாலும் அவ்வாறே. வாரம் ஒருமுறை இரண்டையும் சுத்தம் செய்யாதவர் எவ்வளவு உயர்ந்த எண்ணெய் வாங்கியும் பயனில்லை.

மாற்றும் முறை எளிது. பத்து நிமிடம் ஓட்டி எண்ணெயைச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்க. இளகிய எண்ணெயோடு அழுக்கும் வெளியேறும். பின்னர் மெயின் சுவிட்சை அணைத்து ப்யூஸை எடுத்துவிட வேண்டும். இதில் சிறிதும் அலட்சியம் கூடாது. அழுத்தம் குறைந்ததும் தானே ஓடத் தொடங்கும் சுவிட்ச் இவ்வியந்திரங்களில் உண்டு. தொட்டியின் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே பெல்ட் சுழலத் தொடங்கினால் விரல் போகும். தொட்டியில் காற்று முழுதும் நீங்கிய பிறகு, அடியில் தட்டு வைத்து, மேல்மூடியையும் கீழுள்ள டிரெயின் பிளக்கையும் கழற்றுக. வடியும் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்க்கலாம். கறுப்பு இயல்பே. பொன்துகள் போல மின்னினால் பேரிங் தேய்கின்றது. மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

மண்ணெண்ணெயோ பெட்ரோலோ டீசலோ விட்டு உள்ளே கழுவும் பழக்கம் சிலரிடம் உள்ளது. இது பெருந்தீங்கு. எஞ்சிய ஆவி சூடான காற்றோடு கலந்தால் வெடிக்கக்கூடும். கழுவ வேண்டுமாயின் புதிய எண்ணெயிலேயே சிறிது ஊற்றி வடித்துவிடலாம். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் இழை உள்ளே விழும். வாசரைப் பார்த்து, நைந்திருந்தால் மாற்றிப் பிளக்கை இறுக்குக. பின் எண்ணெய்க் கண்ணாடியிலுள்ள சிவப்புப் புள்ளியின் நடுமட்டம் வரை மெல்ல ஊற்றுக. சிறு இயந்திரங்களுக்கு இது பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள் அடங்கும். சில நிமிடம் ஓட்டி, கசிவு பார்த்து, நிறுத்தி, எண்ணெய் இறங்கிய பின் மட்டத்தை மறுபடி நோக்குக. இயந்திரம் சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் கண்ணாடி பொய் சொல்லும். மோட்டாரை ரீவைண்டிங் செய்து திரும்ப மாட்டினால், சக்கரத்தின் மேலுள்ள அம்புக்குறியின் திசையில் சுழல்கின்றதா என்றும் பார்த்துக்கொள்க. மும்முனை மின்சாரத்தில் இரண்டு கம்பிகள் மாறினால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். அதன் விசிறிக் காற்று ஸிலிண்டரின் மேல் வீசாது.

எண்ணெயே வேண்டாத கம்ப்ரெஸர்களும் இப்பொழுது விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் எண்ணெய்க் கண்ணாடியோ மூடியோ இராது. காற்று உள்ளிழுக்கும் துவாரத்தின் வழியே அன்புடன் எண்ணெய் ஊற்றி அதனைக் கெடுத்தவர்களையும் நான் அறிவேன்.

வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது; களை காயட்டும் என்று வரப்பில் ஊற்றுவதும் கூடாது. மண்ணில் ஊறியது நிலத்தடி நீரையும் சேரும். 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் அபாயக் கழிவு விதிகளின்படி, பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். ஓர் அங்கத்தினரிடம் சேர்வது அரை லிட்டராதலால் அதற்கென எவரும் வரமாட்டார். சங்கப் பட்டறையில் மூடியுள்ள ஒரு பீப்பாயை வைத்து, டிராக்டர் எண்ணெயையும் இதனையும் அதில் சேர்த்து, நிறைந்ததும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம். பீப்பாயின் அருகே ஓர் ஏடும் தொங்கட்டும். மாற்றிய நாள், இட்ட எண்ணெயின் எண், மாற்றியவர் கையொப்பம் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும்.