கந்துவட்டியை எதிர்த்த அருட்சகோதரி ‘மறைசாட்சி’ ஆனது எப்படி?

மத்தியப் பிரதேச மாநிலம் தேவாஸ் மாவட்டத்தில் உள்ள உதய்நகரிலிருந்து இந்தூர் நோக்கிப் பேருந்தில் பயணம் செய்த கத்தோலிக்க அருட்சகோதரி ராணி மரியா, 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி வழியிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 41. உடலில் 54 காயங்கள் காணப்பட்டன.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி இந்தூரில் நடைபெற்ற விழாவில் அவர் ‘அருளாளர்’ என அறிவிக்கப்பட்டார். அவரைக் கொன்றவரும் அந்த விழாவில் கலந்துகொண்டார்.

உள்ளூர் வட்டித்தொழில் செய்வோரின் பகையே இக்கொலையின் பின்னணி எனப் பரவலாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. அப்படியிருக்க, இறைநம்பிக்கைக்காக உயிர்நீத்தோருக்கு மட்டுமே உரிய ‘மறைசாட்சி’ என்ற நிலை அவருக்கு எவ்வாறு கிடைத்தது?

யார் இவர்?

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூர் அருகே உள்ள புல்லுவழி கிராமத்தில் 1954-ஆம் ஆண்டு பிறந்தவர் ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் துறவியானார். புனித அல்போன்சாவும் இதே சபையைச் சேர்ந்தவர்தான். உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர், மத்தியப் பிரதேசத்தின் சத்னா பகுதிகளில் பணியாற்றிய பின், 1992-இல் உதய்நகருக்கு வந்தார்.

அங்குள்ள பழங்குடியினரும் சிறு விவசாயிகளும் கந்துவட்டிக் கடனில் சிக்கித் தவித்தனர். வங்கிக் கடன் பெறுவது எப்படி, அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்பதை அவர்களுக்கு ராணி மரியா கற்றுக்கொடுத்தார். மக்கள் ஒன்றுசேர்ந்து சேமிக்கவும் வழிகாட்டினார். கடன் கொடுத்து அவர்களைக் கட்டுப்படுத்தி வந்தோரின் பிடி தளரத் தொடங்கியது, பகையும் வளர்ந்தது.

படிநிலைகள் என்ன?

ஒருவர் இறந்து பொதுவாக ஐந்து ஆண்டுகள் கடந்த பின்னரே அவருக்கான புனிதர் பட்ட நடைமுறையைத் தொடங்க முடியும். தொடக்கத்தில் அவர் ‘இறை ஊழியர்’ என அழைக்கப்படுகிறார். அவரது வாழ்வு முன்மாதிரியானது என ஆய்வில் உறுதியானால் ‘வணக்கத்திற்குரியவர்’ ஆகிறார். அவரது பரிந்துரையால் நிகழ்ந்ததாக ஏற்கப்படும் ஒரு புதுமைக்குப் பின் ‘அருளாளர்’, மேலும் ஒரு புதுமைக்குப் பின் ‘புனிதர்’ என உயர்த்தப்படுகிறார். 1997-இல் மறைந்த அன்னை தெரசா 2003-இல் அருளாளராகவும், 2016-இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டது இந்த வழியில்தான்.

மறைசாட்சிகளுக்கான பாதை வேறு. அவர்கள் அருளாளர் ஆவதற்குப் புதுமை தேவையில்லை. உயிரைக் கொடுத்ததே போதிய சான்றாகக் கருதப்படுகிறது. ஆனால், கொன்றவரைத் தூண்டியது இறைநம்பிக்கையின் மீதான வெறுப்பு என்பது நிறுவப்பட வேண்டும். கொல்லப்பட்டவர் அந்தச் சாவைத் தம் நம்பிக்கையின் பொருட்டு ஏற்றுக்கொண்டார் என்பதும் தெளிவாக வேண்டும்.

சிக்கலான கேள்வி

‘நம்பிக்கையை மறுதலி’ என்று மிரட்டப்பட்டுக் கொல்லப்படுபவரே மறைசாட்சி என்பது பழைய காலப் புரிதல். தம் நம்பிக்கையின் காரணமாகவே ஒருவர் நீதிக்காக நிற்கிறார் என்றால், அந்தச் செயலுக்காக அவரைக் கொல்வதும் நம்பிக்கையின் மீதான வெறுப்பாகவே கொள்ளப்படலாம் என்ற விளக்கம் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. எல் சால்வடார் நாட்டில் ஏழைகளுக்காகக் குரல்கொடுத்து 1980-இல் சுட்டுக்கொல்லப்பட்ட பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, 2015-இல் மறைசாட்சியாக ஏற்கப்பட்டு அருளாளரானது இதற்கு முக்கிய எடுத்துக்காட்டாகும்.

ராணி மரியாவின் மறைசாட்சியத்தைப் போப் பிரான்சிஸ் 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கீகரித்தார். வங்கிப் படிவம் நிரப்ப உதவியதும் சேமிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவரது துறவற வாழ்விலிருந்து பிரிக்க முடியாதவை என்பதே இதன் பொருள்.

சிறையில் கட்டிய ராக்கி

ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த கொலையாளியை, ராணி மரியாவின் தங்கையான மற்றொரு அருட்சகோதரி 2002-ஆம் ஆண்டு ரக்ஷா பந்தனை ஒட்டி நேரில் சந்தித்தார். அவரது கையில் ராக்கி கட்டி, சகோதரராக ஏற்றார். அவரை விடுவிக்குமாறு குடும்பத்தினரே கோரிக்கை வைத்ததைத் தொடர்ந்து, 2006-இல் அவர் விடுதலையானார். பின்னர் புல்லுவழிக்குச் சென்று ராணி மரியாவின் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். மகளைக் கொன்ற கைகளைத் தாய் முத்தமிட்டார்.

திருச்சபையின் ஆய்வில் மன்னிப்பு தனி நிபந்தனை அல்ல. கொலையுண்டவரின் வாழ்வும் சாவுமே எடைபோடப்படுகின்றன. எனினும், ராணி மரியாவின் நம்பிக்கை எத்தகையது என்பதை அவரது குடும்பத்தின் இந்தச் செயலும் எடுத்துக்காட்டுகிறது.

அடுத்தது என்ன?

புனிதர் நிலைக்கு உயர மறைசாட்சிகளுக்கும் பொதுவாக ஒரு புதுமை தேவை. கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி அருகே 1752-இல் கொல்லப்பட்ட தேவசகாயம், 2012-இல் மறைசாட்சியாக அருளாளர் பட்டமும், ஒரு புதுமை ஏற்கப்பட்ட பின் 2022-இல் புனிதர் பட்டமும் பெற்றார். ராணி மரியாவின் நினைவு நாள் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 25-ஆம் தேதி கடைப்பிடிக்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.