விமானப்படை கம்ப்யூட்டருக்குள் புகுந்த 17 வயது பையன்! வேலை கேட்டதற்கு "டி.வி. விற்கப் போ" என்று பதில்!

அமெரிக்க விமானப்படையின் கம்ப்யூட்டருக்குள் ஒரு பையன் புகுந்தான். வயது 17. பள்ளிக்கூட மாணவன். ஒரு ஓட்டை அல்ல, இரண்டு ஓட்டை அல்ல. மொத்தம் 30 ஓட்டைகளைக் கண்டுபிடித்தான்.

போலீஸ் வந்ததா? கையில் விலங்கு மாட்டினார்களா? அதுதான் இல்லை. பரிசுப்பணம் கொடுத்தார்கள்!

ஏன் என்றால், "முடிந்தால் உள்ளே வந்து பார்" என்று கூப்பிட்டதே விமானப்படைதான்.

ஆனால் அதே பையன் பிறகு ராணுவ இலாகாவில் வேலை கேட்டு மனு போட்டான். "குறைந்தபட்ச தகுதிகூட இல்லை" என்று அவன் மனுவை ஓரம் கட்டிவிட்டார்கள்!

நடந்தது என்ன? இதோ விவரம்:-

திருடனுக்கு அழைப்பு

2017-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் அமெரிக்க விமானப்படை ஒரு விசித்திரமான போட்டியை நடத்தியது. விமானப்படையின் இணையதளங்களில் எங்கெங்கே பூட்டு சரியில்லை, எந்த ஜன்னல் திறந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்பவருக்குப் பணம். நிஜத் திருடன் வருவதற்கு முன்னால், நல்லவனை விட்டு திருடச் சொல்லிப் பார்க்கும் தந்திரம் இது.

போட்டி ஜூன் 23-ந் தேதி முடிந்தது. மொத்தம் 207 ஓட்டைகள் அகப்பட்டன. 1 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கும் மேல் பரிசாகக் கொடுக்கப்பட்டது.

எல்லோரையும் தூக்கி அடித்து முதலில் வந்தவன், சிகாகோ பக்கத்தைச் சேர்ந்த ஜாக் கேபிள். அடுத்த ஆண்டு, "டைம்" பத்திரிகை உலகில் செல்வாக்கு மிகுந்த 25 டீன்-ஏஜ் பிள்ளைகளின் பட்டியலை வெளியிட்டது. அதிலும் அவன் பெயர் இருந்தது.

கேபிள் மனு போட்டது, ராணுவத் தலைமையகமான பென்டகனில் இருந்த "டிபன்ஸ் டிஜிட்டல் சர்வீஸ்" என்ற பிரிவுக்கு. 2015-ல் தொடங்கிய பிரிவு அது. மிலிட்டரி உடுப்பும் மெடலுமாக நடமாடும் அந்தக் கட்டிடத்தில், தலைக்கு முக்காடு வைத்த பனியன் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிற கம்ப்யூட்டர் ஆட்களின் கூட்டம். அப்படிப்பட்ட இடத்துக்கு இப்படிப்பட்ட பையன். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்?

"இது என்ன பாஷை?"

பயோ-டேட்டாவில் கேபிள் தனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் மொழிகளை எழுதியிருந்தான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பார்த்தால் "பலே" என்று முதுகில் தட்டுவார்கள்.

ஆனால் முதலில் பார்த்தவர்கள் அந்தத் தொழிலில் இல்லை. ஆள் எடுக்கும் பிரிவின் அலுவலர்கள். அவர்களுக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. தகுதி இல்லாதவர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது.

இதைவிடக் கூத்து அடுத்தது. "ஒரு வருஷம் கடையில் டி.வி. விற்கும் வேலை பார்த்துவிட்டு வா. அப்போதுதான் சர்க்கார் வேலைக்குத் தகுதி வரும்" என்று அவனுக்கு யோசனை சொல்லப்பட்டதாம்!

இந்தச் சம்பவத்தை வெளியே எடுத்து எழுதியவர் ஜெனிபர் பால்கா. ஒபாமா ஆட்சியில் வெள்ளை மாளிகையில் தொழில்நுட்பத் துணை அதிகாரியாக இருந்தவர். சர்க்கார் கம்ப்யூட்டர் வேலைகள் ஏன் கெட்டுப் போகின்றன என்று 2023-ல் புத்தகமே போட்டவர்.

கடைசியில் கேபிளுக்கு அங்கே வேலை கிடைத்தது. பிற்பாடு மத்திய சர்க்காரின் சைபர் பாதுகாப்பு இலாகாவில் ஆலோசகராகவும் இருந்தார். ஊருக்கே தெரிந்த பையனாக இருந்ததால் அவர் தப்பித்தார். பெயர் தெரியாத கெட்டிக்காரன் என்றால் மனுவோடு கதை முடிந்திருக்கும்.

தனக்குத் தானே மார்க்!

கேபிளின் மனு ஏன் விழுந்தது? அந்த ஊரில் மனுக்களைப் பொறுக்கும் முறையைப் பார்த்தால் புரியும்.

அமெரிக்க மத்திய சர்க்காரின் காலி இடங்களுக்கு என்று தனி இணையதளம் இருக்கிறது. மனு அங்கே போகும். நெடுங்காலமாக மனுக்களை வடிகட்ட இரண்டே சல்லடைகள்தான்.

முதல் சல்லடை: விளம்பரத்தில் உள்ள வார்த்தைகள் மனுவிலும் இருக்கின்றனவா? விளம்பர வாசகத்தை வரிக்கு வரி காப்பி அடித்தவன் தேறுவான். தன் வேலையைத் தன் பாணியில் சொன்னவன் விழுவான்.

இரண்டாவது சல்லடை: ஒரு கேள்வித்தாள். "இந்த வேலையில் நீங்கள் எப்படி?" என்று கேட்பார்கள். "நிபுணர்" என்று எல்லாவற்றுக்கும் டிக் அடித்தவருக்கு முழு மார்க். "ஓரளவு தெரியும்" என்று நியாயமாகச் சொன்னவர் அவுட்! மாணவனே தன் பேப்பரைத் திருத்திக்கொள்ளும் பரீட்சை இது.

இப்படித் தேறியவர்களின் பட்டியல், ஆள் கேட்ட அதிகாரியிடம் போகும். அவர் படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைப்பார். ஒருவரும் உருப்படி இல்லை என்று பட்டியல் திரும்பிவிடும். மறுபடியும் விளம்பரம். மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருப்பு.

புறவாசல் திறந்தது

முன்வாசலில் இவ்வளவு இடைஞ்சல் என்று தெரிந்துதான், 2012-ல் வெள்ளை மாளிகை ஒரு புறவாசலைத் திறந்தது. "ஜனாதிபதியின் புதுமைத் திட்ட பெல்லோ" என்று பெயர். நிரந்தர உத்தியோகம் அல்ல. கம்பெனிகளில் வேலை பார்க்கும் கெட்டிக்காரர்கள் கொஞ்ச காலம் சர்க்காருக்கு வந்து, ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போகலாம்.

அப்போது சர்க்காரின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த டாட் பார்க் இதற்கு முன்னின்றார். கிட்டத்தட்ட 700 பேர் மனு போட்டார்கள். 18 பேருக்கு இடம் கிடைத்தது. அந்த 18 பேருக்கு 5 வேலைகள். முன்னாள் ராணுவ வீரர்கள் தங்கள் வைத்தியக் குறிப்புகளை ஒரு பொத்தானை அமுக்கி எடுத்துக்கொள்ளும் "ப்ளூ பட்டன்" திட்டத்தை விரிவாக்கியது அதில் ஒன்று.

2017 ஜனவரியில், ஒபாமா பதவி விட்டு இறங்கும் தறுவாயில், இந்தத் திட்டம் சட்டமாகவே ஆக்கப்பட்டது.

முதல் நாள்: ஆறே பேர்!

"ஆள் எடுப்பதில் கோளாறு இருந்தால் ஜனங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். 2013 அக்டோபர் 1-ந் தேதி அதற்குப் பதில் கிடைத்தது.

அன்று ஒபாமாவின் மருத்துவ இன்சூரன்ஸ் திட்டத்துக்கான இணையதளம் திறக்கப்பட்டது. லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து மோதினார்கள். திரை அப்படியே நின்றுவிட்டது. முதல் நாளில் கடைசி வரை போய் இன்சூரன்ஸ் எடுக்க முடிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறே ஆறு பேர்!

நோய்க்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வேலை இழந்தவர்கள் என்று எத்தனையோ பேர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பழுது பார்க்க வெளியிலிருந்து ஆள் வரவழைக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் கூகுள் கம்பெனியின் மைக்கி டிக்கர்சன். வந்தவர்கள் கண்ட காட்சி திடுக்கிட வைத்தது. இணையதளம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று காட்டும் பலகையே அங்கே இல்லை! பஸ்சை ஓட்டுகிறார்கள், ஆனால் வேகம் காட்டும் முள் இல்லை என்பது போல.

முதல் வேலையாக அந்தப் பலகையை வைத்தார்கள். பிறகு, ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப ஆதாரக் கிடங்கில் போய்த் தேடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். பக்கம் திறக்க 8 வினாடி ஆனது, 2 வினாடியாகக் குறைந்தது. தினமும் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் பழுதை மட்டும்தான் பேச வேண்டும், யார் மேல் தப்பு என்று பேசக்கூடாது என்பது கட்டளை.

2014 வசந்த காலத்துக்குள் 80 லட்சம் பேர் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டார்கள்.

"சூட் போட வேண்டுமா?"

இந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 2014 ஆகஸ்டில் அமைந்த "யு.எஸ். டிஜிட்டல் சர்வீஸ்". டிக்கர்சனே அதற்கு முதல் தலைவர். அவர் வெள்ளை மாளிகையில் வேலைக்குச் சேருகிறார் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாம் கேட்ட கேள்வி: "தினமும் சூட் போட வேண்டுமா?"

அதே ஆண்டு மார்ச்சில் "18-எப்" என்ற இன்னொரு குழுவும் ஏற்பட்டிருந்தது. அலுவலகம் 18-வது தெருவும் எப் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்ததால் அந்தப் பெயர்.

இந்தக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும்போது மனுவைப் பார்ப்பவரும் கம்ப்யூட்டர் ஆள், இன்டர்வியூ செய்பவரும் கம்ப்யூட்டர் ஆள். தச்சனைத் தச்சன்தான் எடைபோட வேண்டும் என்ற சாதாரண நியாயம்.

2019-ல் இந்த நியாயம் மற்ற சர்க்கார் ஆபீஸ்களுக்கும் போனது. முதலில் பரீட்சித்துப் பார்த்த இரண்டு இடங்கள், தேசியப் பூங்கா இலாகாவும் சுகாதார இலாகாவும். மனுவைத் தொழில் தெரிந்தவர்களே படித்தார்கள். டெலிபோனில் கேள்வி கேட்டார்கள். தனக்குத் தானே மார்க் போடும் கேள்வித்தாள் தூக்கி எறியப்பட்டது.

2024 டிசம்பரில் இதற்குச் சட்டமும் வந்தது. மனுதாரர் தன்னைப் பற்றித் தானே எழுதியதை மட்டும் நம்பி ஆள் எடுக்கக்கூடாது, தொழிலைச் சோதித்துப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம்.

விடியுமுன் வந்த இமெயில்

சட்டம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, காட்சி மாறியது.

2025 ஜனவரி 20-ந் தேதி டிரம்ப் மீண்டும் ஜனாதிபதி ஆனார். அன்றைக்கே "யு.எஸ். டிஜிட்டல் சர்வீஸ்" பெயர் மாற்றப்பட்டு, சிக்கன நடவடிக்கைக்கான "டோஜ்" அமைப்பின் கைக்குப் போனது. பிப்ரவரியில் பலருக்குச் சீட்டுக் கிழிந்தது. மிச்சம் இருந்தவர்களில் 21 பேர், பிப்ரவரி 25-ந் தேதி ஒரே கடிதத்தில் ராஜினாமா செய்தார்கள்.

மார்ச் 1, சனிக்கிழமை. பொழுது விடிவதற்கு முன்பே "18-எப்" ஆட்களுக்கு இமெயில் வந்தது. குழுவே கலைக்கப்பட்டுவிட்டது!

அடுத்தது, கேபிள் முட்டி மோதி நுழைந்தாரே அந்த பென்டகன் பிரிவு. 2025 ஏப்ரலில் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ராஜினாமாவுக்குத் தயார் ஆனதாகச் செய்தி வந்தது.

வேலையை விட்டு அனுப்ப ஒரு இமெயில் போதும். ஆனால் அவர்களை உள்ளே கொண்டு வர எத்தனை வருஷம் ஆனது என்பதை மேலே பார்த்தோம்.

மீண்டும் "ஆள் தேவை"

2025 டிசம்பரில் அதே சர்க்காரிடமிருந்து புது அறிவிப்பு வந்தது. "யு.எஸ். டெக் போர்ஸ்" என்று பெயர். சுமார் 1,000 கம்ப்யூட்டர் கெட்டிக்காரர்கள் தேவை. வேலைக் காலம் 2 வருஷம்!

உள்ளே இருந்தவர்களைப் போகவிட்ட அதே வருஷம், வாசலில் மறுபடியும் போர்டு!

மனு போடுவோர் கவனிக்க

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மகனோ மருமகளோ உள்ள வீடுகளில் இதைப் படித்துக் காட்டலாம். இந்த வகை பெல்லோ வேலைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை கட்டாயம்.

பூர்வோத்திர விசாரணை நடக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். சம்பளம் பெரிய கம்பெனிகளின் உயரத்துக்கு வராது. ஒன்று, இரண்டு வருஷத்தில் வேலை முடிந்துவிடும். நிரந்தரம் என்று நம்பி வீட்டுக்கடன் வாங்கக்கூடாது.

2025-லிருந்து மத்திய சர்க்கார் வேலைக்கான பயோ-டேட்டா 2 பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வந்திருக்கிறது. முன்பு ஐந்தாறு பக்கம் நீட்டி எழுதியவர்கள் சுருக்கியாக வேண்டும்.

அந்த இரண்டு பக்கத்தில், தெரிந்த மொழிகளின் பெயரை மட்டும் அடுக்கக் கூடாது. எந்த வேலையைச் செய்தோம், அதனால் யாருக்கு என்ன லாபம் என்று, தொழில் தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரி ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும். விளம்பரத்தில் உள்ள முக்கியமான வார்த்தைகளும் அதில் இருக்க வேண்டும். ஏனென்றால் எல்லா ஆபீசிலும் முதலில் மனுவைப் பிரிப்பவர் கம்ப்யூட்டர் ஆளாக இருப்பார் என்று இன்றைக்கும் உத்தரவாதம் இல்லை.

விமானப்படைக்கு 30 ஓட்டைகளைக் காட்டிக்கொடுத்த பையனையே "டி.வி. விற்கப் போ" என்றவர்கள் ஆயிற்றே!