மண்வெட்டிக்கு முன் பூட்ஸ்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கட்டபெட்டுப் பக்கம் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் விதை, மண்வெட்டி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். காலில் மட்டும் வீட்டு ரப்பர் செருப்போடு இறங்கிவிடுகிறார்கள். இங்கே அது ஆகாது. ஊட்டிச் சாலையும் குன்னூர்ச் சாலையும் கூடிக் கோத்தகிரிக்குப் போகிற இந்த இடத்தில் சமதரையே அபூர்வம். கேரட் பாத்திகூடச் சரிவில்தான். ஐப்பசி மழை பிடித்தால் மண் வழுக்கும். இறக்கத்தில் செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும்.

மழைக்காலத்துக்குக் கம்பூட்ஸ்தான். கடையில் முதலில் அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள். பள்ளங்கள் ஆழமாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். நெருக்கமான கோடுகள் என்றால் சேறு அப்பிக்கொண்டு, நாலு எட்டு வைப்பதற்குள் அடி மழமழவென்று ஆகிவிடும். குதிகால் தனியாக உயர்ந்து நிற்கட்டும். இறங்கும்போது மண்ணில் ஊன்றுவது அதுதான். சாயங்காலமாகப் போய், தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நாளெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. அப்படியே கடைப் படியில் இறங்குங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம், நகம் கறுத்துவிடும்.

கட்டபெட்டு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை போடும் சிறு விவசாயிகள் அடியின் கனத்தையும் பார்க்க வேண்டும். கவாத்து வெட்டிய காட்டில் சீவிவிட்ட குச்சிகள் கிடக்கும். மெல்லிய அடியைத் துளைத்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சின்னக் குத்தே ஆறாத புண்ணாகலாம்.

வெயில் மாதங்களில் கம்பூட்ஸுக்குள் கால் வேர்த்து ஊறும். அப்போது கெட்டி அடி வைத்த கேன்வாஸ் ஷூ போதும். வெறுங்கால் மட்டும் வேண்டாம். ஈரமண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சு தோல் வழியாகவே நுழைந்து, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். சோகை வருவது அப்படித்தான்.

அட்டை உள்ள இடத்தில் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். மருந்தடிக்கிற அன்று இதற்கு நேர்மாறு: பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். இல்லாவிட்டால் வழிகிற மருந்து உள்ளே இறங்கி, வேலை முடியும்வரை காலில் ஊறும். காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், தேள் இருக்கலாம். நனைந்ததை அடுப்பருகே வைக்காதீர்கள், ரப்பர் வெடிக்கும். பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயவிடுங்கள்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று 17-ஆம் பிரிவில் பெயர் சொன்னது. காலணியைப் பெயர் சொல்லவில்லை. சரிவில் நாள் முழுக்க நிற்கிறவர்களின் காலை மறந்தது பெரிய குறை என்றே நினைக்கிறேன். உங்கள் தோட்டத்தில் கூலிக்கு இலை பறிக்க வரும் அக்காவையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். அவர் போட்டுப் பார்த்து, படியிறங்கிப் பார்த்து, ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளட்டும். காசை நீங்கள் கொடுங்கள்.